கலந்து போட்டவர்கள்

என் வீட்டு அழைப்புமணியை அவள் முதல்முதலாக அடித்தபோது அவள் கையில் ஒரு சவர பிளேடு இருந்தது. கழுவித் துடைத்து, செய்தித்தாள் துண்டு ஒன்றில் வைத்து நீட்டினாள். மற்றக் கையில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"இது உங்க வீட்டுதுல்லா?" என்றாள்.

காலை எட்டரை மணி. நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "எங்க வீட்டுதுன்னு எப்படிச் சொல்றேள்?" என்று கேட்டேன்.

"பிளேடு கெடந்த கவருக்குள்ள கரண்டு பில்லு இருந்துது. வாட்ச்மேன்ட்ட காட்டினேன். மூணாவது மாடின்னாரு."

"தெரியாம விழுந்திருக்கும்."

"பிளேடுக்குக் கால் இருக்கா மாமி, தானா நடந்து போயி விழ?"

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்னை மாமி என்றதும், எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி வாசலில் நின்று கேள்வி கேட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காயத்துக்கு மருந்து வேண்டுமா என்றேன். "வேண்டாம். இனிமே கலந்து போடாதிய" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். லிஃப்ட் அந்த மாடியில்தான் நின்றுகொண்டிருந்தது. அவள் அதில் ஏறக்கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். இந்த மலையாள நகரத்தில், ஸ்ரீவராகத்துப் பழைய வீட்டைப் பாகம் பிரித்துவிட்டு, திருவல்லம் போகும் வழியில் ஆற்றுப்பக்கமாக எழும்பிய ஓர் அடுக்ககத்துக்கு நானும் என் கணவரும் குடிவந்திருந்தோம். எங்கள் மதில்சுவருக்கு அந்தப்புறம் முப்பது சென்ட் நிலம். உரிமையாளர் வளைகுடாவில் இருந்தார். புதர் மண்டாமல் இருந்தால் போதும் என்று அவளிடம் விட்டிருந்தார். அவள் வெண்டையும் பயறும் சிவப்புத் தண்டுக்கீரையும் போட்டிருந்தாள். ஓரத்தில் வாழை. விடிந்ததும் கீரைக்கட்டுகளைச் சாலைக் கடைத்தெருவில் கொடுத்துவிட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடுவாள். செங்கோட்டைப் பக்கத்து ஊர். கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு வந்தவள். அவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. இதற்குமேல் அவள் கதை எனக்குத் தெரியாது. பெரியவர், சின்னவர், மலையாளி, தமிழர் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

அது முதலில் விளைநிலமே அல்ல. எங்கள் அடுக்ககத்தைக் கட்டியவர்கள் செங்கல் உடைசலையும் இறுகிப்போன சிமென்ட்டையும் சுவருக்கு அப்பால் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் கூடை கூடையாகப் பொறுக்கி ஒதுக்கி, மேலே மூன்று வருஷம் மட்கிய உரமாகப் போட்டுப் போட்டுத்தான் அவள் அங்கே மண்ணைக் கொண்டுவந்தாள். எங்கள் சமையலறைக் கழிவு அவளுக்கு வேண்டியிருந்தது. எங்களுக்கு அதைத் தலைமுழுக வேண்டியிருந்தது. ஊரில் குப்பை எடுப்பது சரியில்லாத காலம். கீழே ஒரு நீல டிரம் வைத்தோம். தினமும் உந்துவண்டியில் வந்து எடுத்துப்போனாள். எங்களில் ஒருவராவது அவளுக்கு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் அவளுடைய மூன்று குவியல்களும் தெரியும். ஒன்று புதிது, நடுவில் இருப்பது பாதி வெந்தது, மூன்றாவது முடிந்தது. அடியில் பலாச்சருகு, மேலே ஒரு சாண் உயரத்துக்குக் காய்கறித் தோலும் எச்சில் சோறும், அதன்மேல் சாணிக் கரைசல், மறுபடி சருகு. மழை கனத்தால் தேங்காய் நார்த்தூளை அள்ளிப்போட்டு ஈரத்தை உறிஞ்சவைப்பாள். பத்து நாளைக்கு ஒருமுறை மண்வெட்டியால் உள்ளே இருப்பது வெளியேயும் வெளியே இருப்பது உள்ளேயுமாக மொத்தத்தையும் கிளறிப் போடுவாள். குவியலின் நடுவில் ஓர் இரும்புக் கம்பி எப்போதும் சொருகியிருக்கும். காலையில் அதை உருவி, நுனியைப் புறங்கையில் வைத்துப் பார்ப்பாள். கை பொறுக்காத சூடு இருந்தால் அன்று முழுக்க முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

மொட்டைமாடியில் தொட்டித் தோட்டம் போடும் ஆசையில் ஒருநாள் இறங்கிப்போய், எப்படிச் செய்வது என்று கேட்டேன். "பாத்துக்கிட்டு நின்னா வராது மாமி. போயிச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லும் பொறுமை அவளுக்குக் கிடையாது.

அழுகியது, புழுத்தது, ஊசிப்போனது எதன்மேலும் அவளுக்கு அருவருப்பு இல்லை. வெறுங்கையால் அள்ளுவாள். கலப்பதை மட்டும் அவளால் பொறுக்க முடியாது. வாழைத்தோலோடு ஷாம்பு பாக்கெட், கோயில் மாலையோடு நைலான் நூல், மீன் செதிலோடு டார்ச் பேட்டரி. கையில் அகப்பட்டதும் அங்கேயே நின்று வைவாள். வைது முடித்த பிறகு அதைக் கழுவுவாள். கழுவி, அது யாருடையது என்று கண்டுபிடித்து, அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு பல் மருத்துவர் வீட்டுக்கு ஊசிகளைக் கொண்டுபோனாள். மருத்துவரின் மனைவி வேலைக்காரியைக் காட்டிக் குற்றம் சொன்னபோது, "அவளுக்கு நீங்க சொல்லிக் குடுத்தியளா?" என்று கேட்டாள். கீரை கழுவும் இடத்தில் ஒருநாள் தனியாகச் சத்தம்போட்டுக்கொண்டிருந்தாள். "கண்ணு எங்க வச்சிருந்த? பொடதிலயா?" யாரை என்று எட்டிப் பார்த்தேன். உரத்தில் அவளுடைய ரவிக்கைப் பொத்தான் கிடந்திருக்கிறது.

கல்யாண மண்டபத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் ஒரு மண்டபம் இருந்தது. விருந்து முடிந்த வாழை இலைகளை அவள் எடுத்துக்கொள்வாள். ஒரு வரவேற்புக்கு நானும் போயிருந்தேன். பன்னீர் தெளிக்கும் வாசலில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே, தோளில் சாக்குமூட்டையோடு அவள் வந்து நின்றாள். மேலாளர் பதறி ஓடிவந்தார்.

"அக்கா, பின்னாலே வா, பின்னாலே வா. இவிட கெஸ்ட் உண்டு!"

"கெஸ்டு குடிச்ச கப்புதான சாரே. அவங்களும் பாக்கட்டும்."

மூட்டையைக் கவிழ்த்தாள். பிளாஸ்டிக் கப்புகளும் ஸ்பூன்களும் தண்ணீர்ப் பாட்டில்களும் பளிங்குத் தரையில் உருண்டன. எல்லாம் கழுவியிருந்தன.

"நான் எலை கேட்டேன். எச்சிச் சோறு கேட்டேன். இதக் கேட்டேனா? இத மண்ணு திங்குமா? நீங்க தின்னு காமிங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மண்டபத்துக்காரர்கள் இரண்டு மாதம் அவளுக்கு இலை கொடுக்கவில்லை. வேறு யாரும் எடுக்க வராததால் திரும்பவும் அவளையே கூப்பிட்டார்கள். அதன்பிறகு இலைக்குள் ஒரு கப்புகூட வரவில்லை.

அந்த ஜூனில் இடவப்பாதிப் பருவமழை விடாமல் பெய்தது. எங்கள் கட்டடத்தில் நாற்றம் எடுத்தது. ஜன்னலைத் திறக்க முடியவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர். அவரும் ஸ்ரீவராகத்துக்காரர்தான், என் அப்பாவோடு படித்தவர். என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பாண்டிக்காரியோட குப்பைதான். வேறென்ன? ஹெல்த் ஆபீசுக்கு ஒரு பெட்டிஷன் கொடுத்துடலாம். நீதான் நன்னா டிராஃப்ட் பண்ணுவியே."

பாண்டிக்காரி. மலையாளிகள் தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் என்னுடைய கொள்ளுத்தாத்தாவும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர்கள். நாம் மட்டும் யார் மாமா என்று நான் கேட்டிருக்கலாம். காபி போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் கழிவுநீர்த் தொட்டியும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அதன் மூடியோரமாக நுரை கசிவதைத் துணி உலர்த்தும்போது நான் பார்த்திருந்தேன். பார்த்தேன் என்பதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. பார்த்துவிட்டுத்தான் மேஜையில் உட்கார்ந்து, நல்ல அலுவலக மலையாளத்தில், ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அரசு அலுவலகத்தில் எனக்கு வேலையே அதுதான். 'குடியிருப்போரின் உயிருக்கு அச்சுறுத்தலாக விளங்கும் இந்த அழுகல் மையத்தை உடனடியாக அகற்றுமாறு' என்று ஒரு வரி. அழுகல் மையம் என்ற பிரயோகம் எனக்கே பிடித்திருந்தது. இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். எழுதும்போது பிளேடு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர்கூட கீழே இறங்கிப்போய் எங்கிருந்து நாறுகிறது என்று பார்க்கவில்லை.

சுகாதார ஆய்வாளர் ஒரு முற்பகலில் ஜீப்பில் வந்தார். நான் அன்று விடுப்பில் இருந்தேன். பால்கனியில் நின்று பார்த்தேன். வரப்பில் கால் வைப்பதற்கு முன்பே அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துவிட்டார். பக்கத்தில் எங்கள் தலைவர் குடை பிடித்து நின்றார்.

"கர்ச்சீப்ப எடுங்க சாரே" என்றாள் அவள். "மூக்கைப் பொத்திக்கிட்டா மணம் எப்படித் தெரியும்?"

மூன்றாவது குவியலிலிருந்து ஒரு கை உரத்தை அள்ளிப் பிடித்துத் திறந்தாள். கறுப்பாக, உதிரியாக, ஈரம் சொட்டாமல் உள்ளங்கையில் நின்றது. அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் "வேண்டா, வேண்டா" என்று இரண்டடி பின்வாங்கினார்.

"இது நாறுதான்னு நீங்களே சொல்லுங்க. நாத்தம் அந்தச் சொவத்துக்கு அடியிலேந்து வருது. வந்து பாருங்க, கறுப்பா வடியுது."

எங்கள் சுவரின் அடிப்பாகத்தைக் காட்டினாள். ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். கண்ணால் பார்த்தார். பிறகு எங்கள் தலைவரைப் பார்த்தார்.

"அது அபார்ட்மென்ட் ப்ராப்பர்ட்டி. கம்ப்ளெயின்ட் இதுக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பின் முன்மூடியில் வைத்து ஏதோ எழுதினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் சாயங்காலம் மழையோடு மழையாக அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு காகிதங்கள். ஒன்று நோட்டீஸ். மற்றது, அதனோடு இணைத்திருந்த எங்கள் மனுவின் நகல்.

"எனக்கு மலையாளம் பேச வரும் மாமி, எழுத்துத் தெரியாது. நீங்க ஆபீசுல இருக்கிய. என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

உள்ளே வரச் சொன்னேன். காலெல்லாம் சேறு என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். நோட்டீஸை வாசித்தேன். ஏழு நாளுக்குள் குவியல்களை அகற்ற வேண்டும், தவறினால் அலுவலகமே அகற்றும். பிறகு மனுவை எடுத்தேன். நானே எழுதியதை நானே ஒவ்வொரு வரியாகத் தமிழில் அவளுக்குச் சொன்னேன்.

அழுகல் மையத்தில் நிறுத்தினாள். "அப்படின்னா?"

"அழுகற இடம்."

"அழுகத்தான செய்யும்? அழுகாம எப்படி மண்ணாவும்?" உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். "மேல வாசிங்க."

முடிவுவரை வாசித்தேன்.

"இத யாரு எழுதினா மாமி?"

"சங்கத்துலேந்து" என்றேன்.

காகிதங்களை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டாள். இதற்குமேல் எங்கே போய்க் கேட்கலாம் என்று கேட்டாள். கேட்கலாம், நாளாகும் என்றேன். யாரிடம், எப்படி என்று நான் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. எழுந்து போனாள்.

எட்டாம் நாள் காலை மண் அள்ளும் இயந்திரமும் ஒரு லாரியும் வந்தன. லாரியில் ஏற்கெனவே பாதிவரைக்கும் பல தெருக்களின் குப்பை இருந்தது. மூட்டைகள், தெர்மாக்கோல், உடைந்த கண்ணாடி. அவள் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"புதுசை எடுங்க, நடுவுல உள்ளதையும் எடுங்க. அந்த மூணாவதை விடுங்க சாரே. அது குப்பையில்ல, மண்ணு. மண்ணை அள்ளிட்டுப் போவ யாரு சொன்னா?"

ஓட்டுநர் நிறுத்திவிட்டார். அவருக்குப் புரிந்திருக்கிறது. ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இயந்திரம் மூன்றையும் சேர்த்துத்தான் வாரியது. வெந்ததும் வேகாததும், பக்கத்தில் அவள் ஒதுக்கிவைத்திருந்த செங்கல் உடைசலும், எல்லாம் ஒன்றாக அந்த லாரியில், அந்தக் கண்ணாடித் துண்டுகளின்மேல் விழுந்தன. மூன்று வருஷமாக அவள் ஊர் முழுக்க வாசல் வாசலாகப் போய்ச் சண்டை போட்டது எதைச் செய்யக்கூடாது என்றோ, அதை அரசாங்க லாரி பத்து நிமிடத்தில் செய்து முடித்தது.

நடுக்குவியலைப் பிளந்தபோது அதிலிருந்து வெண்மையாக ஆவி எழுந்தது. பக்கத்துப் பால்கனியிலிருந்து எங்கள் தலைவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "பாத்தியா, பாத்தியா! எவ்வளவு விஷவாயு!"

பொறியியல் படித்தவர். நாற்பது வருஷம் பொறியாளராகச் சம்பளம் வாங்கியவர். எனக்கு இன்றைக்கும் அந்தக் குரல் கேட்டால் உடம்பு எரிகிறது. அன்று நான் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

நாற்றம் போகவில்லை. நாலு நாள் கழித்துக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிக் கார் நிறுத்துமிடத்தில் வழிந்தது. உறிஞ்சு லாரியைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்தார்கள், குழாயில் இருந்த உடைப்பை அடைத்தார்கள். ஒரே மத்தியானத்தில் காற்று சுத்தமாகிவிட்டது. அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதியிருந்தது: 'சுற்றுப்புறத் துர்நாற்றப் பிரச்சினை சங்கத்தின் தொடர் முயற்சியால் தீர்க்கப்பட்டது.' கை தட்டினார்கள்.

நோட்டீஸின் நகல் வளைகுடாவுக்கும் போயிருந்தது. உரிமையாளர் பயந்துபோய் நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு மாதத்தில் அவள் போய்விட்டாள். பறிக்காத கீரை பூத்து முற்றி நின்றது.

அதற்கப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்தது. சுகாதார அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். நாற்றம் எங்களுடையது, புகார் தவறானது, அதை எழுதியவள் நானே, உத்தரவை ரத்துசெய்து அந்தப் பெண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டு, நான் ஒருத்தி மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. புகாருக்குரிய குவியல்கள் தற்போது இல்லாததால் மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது. எனக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். நானும் அப்படி எத்தனையோ கோப்புகளை முடித்திருக்கிறேன்.

அந்தப் பதிலோடு அவளைத் தேடிப் போனேன். சாலைக் கடைத்தெருவில் அவள் கீரை கொடுக்கும் கடைக்காரர், வெள்ளாயணிக் காயல் பக்கம் யாருடைய நிலத்திலோ பாதி விளைச்சல் தருவதாக வாரத்துக்குப் பயிர் செய்கிறாள் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போய் இறங்கி, விசாரித்து விசாரித்து வரப்பில் நடந்தேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. இடுப்பளவு குவியல். இப்போதைக்கு ஒன்றுதான். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவள் அதைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமி" என்றாள். கை நிற்கவில்லை.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "அக்கா, அந்தப் பெட்டிஷனை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? படியில ஒக்காந்து வாசிச்சியல்லா? கடைசிப் பக்கம் வரும்போது கரண்டு போயிட்டு. எனக்கு உங்க மூஞ்சியே தெரியல. நீங்க பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருந்திய."

மின்சாரம் போனது எனக்கு நினைவே இல்லை. வரப்பில் நின்றபடி அந்தப் படிக்கட்டை நினைத்துப் பார்த்தேன். எதுவும் தெளிவாக வரவில்லை.

"அன்னிக்கே தெரிஞ்சும் ஏன் கேக்கலை? ஊர்ல எல்லார் வாசல்லயும் போய் நின்னு கேட்டேளே. என்னை மட்டும் ஏன் விட்டேள்?"

அவள் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். முகத்தில் அந்தப் பழைய கோபம் அப்படியே இருந்தது.

"கேட்டா நீங்க அழுவிய. நான் பக்கத்துல ஒக்காந்து தேத்தணும். ஏழே நாள்தான் குடுத்திருந்தாங்க, எனக்கு நடுக்குவியலைக் கிளற வேண்டியிருந்துது. ஒங்களுக்கு எங்க நேரம்?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா அது முழுசா ஆயிருக்கும் மாமி. நல்லா ஏறி வந்த சூடு. பாவிகள், பாதியில அள்ளிட்டுப் போயிட்டாங்க."

கைப்பையில் இருந்த பதில் கடிதத்தை எடுக்கப் போனேன். அதற்குமுன் முந்தானை கண்ணுக்குப் போனது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பவும் அதுக்குத்தான வந்திருக்கிய?" என்றாள். "தள்ளி நில்லுங்க. மம்பட்டி பட்டுரும்."

நான் தள்ளி நின்றேன்.